ஆமையைப் பற்றி மட்டும் பேசுகிறவர்

1994 ஜனவரி 9

மழை விட்டிருக்கிறது. இவருடைய விரிப்புகளைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். சவர்க்காரம் முடியப் போகிறது. சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிறது, இனிக் கடையில் எப்போது வருமோ தெரியாது.

போன ஆவணியில் பாரிசவாதம் வந்ததிலிருந்து இவர் வாயில் உருப்படியாக ஒரு சொல்லும் வரவில்லை. 'ஆ', 'ம்', அவ்வளவுதான். முத்தையன்கட்டு வாய்க்கால் கட்டில் நின்று கூப்பிட்டால் மற்றக் கரையில் மாடு திரும்பிப் பார்க்கும் குரல். இப்போது சாய்மனைக் கதிரையில் கிடந்து முற்றத்தைப் பார்க்கிறார்.

மத்தியானம் அன்னபாக்கியம் வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற மலைநாட்டுப் பெண். புருஷன் இல்லை. வயல் வேலைக்குப் போகிறவள். துவாயில் சுற்றி ஒரு தரையாமை கொண்டுவந்திருந்தாள். எங்கள் வீட்டிலும் ஒன்று நெடுங்காலமாக நிற்பது ஊருக்கே தெரியும். இவர் காட்டோரம் கண்டெடுத்து வளர்த்தது. தன் ஆமைக்கு மூக்கால் வடிகிறது, தின்னவும் மாட்டேன் என்கிறது, அண்ணனைக் கேட்கலாம் என்று வந்தாளாம். அண்ணனுக்குப் பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டு நான் உள்ளே தையல் மிஷினில் போய் இருந்தேன்.

அவள் போகவில்லை. விறாந்தையில் பேசாமல் குந்தியிருந்தாள். எவ்வளவு நேரமோ. பிறகு ஒரு சத்தம் கேட்டது.

"சோறு... குடுக்காதை."

இவர்தான். மிஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். அழுதேன். கோயிலுக்கு நேர்த்தி வைத்தேன்.

இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன். இத்தனை மாதம் கழுவித் துடைத்தது நான். முதல் வார்த்தை யாருக்கு?

ஜனவரி 10

காலையில் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். 'ஆ.'

ஜனவரி 14

பொங்கல். அவளுக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். கொடுக்காமல் விட்டால் நன்றாக இராதே.

நாள் தவறாமல் வருகிறாள். வேலை முடிந்து கால் கழுவிக்கொண்டு நேரே எங்கள் விறாந்தைக்குத்தான். இரண்டு ஆமையையும் வெயிலில் விட்டுவிட்டுக் கதை. பூசணி இலை போடலாமா, செவ்வரத்தம் பூப் போடலாமா. ஓடு மெலிந்திருக்கிறதே, என்ன செய்கிறது? இவர் ஒரு சொல்லை வாய்க்குள் வைத்து உருட்டி உருட்டி, "கணவாய்... ஓடு" என்கிறார். கணவாய் மீனின் ஓட்டை இடித்துப் போட வேண்டுமாம்; அவள் தலையாட்டுகிறாள். ஆமைக் கதை முடிந்தால் வருத்தக் கதை. அவளுடைய அம்மாவும் தோட்டத்தில் இப்படித்தான் விழுந்து நாலு வருஷம் கிடந்தாவாம். அவளுக்கும் இரத்தம் குறைவாம், குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுமாம். அதற்கு இவர் கேட்கிறார்: "குளிசை... போட்டனியோ?"

எனக்கு முழங்கால் நோ. மிஷின் மிதித்து மிதித்து வந்த நோ. ஒரு நாள் கேட்டாரா?

ஜனவரி 21

நானும் ஆமையைப் பற்றிக் கேட்டேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அவள் வருவதற்கு முதலே எங்கள் ஆமையைத் தூக்கி இவர் மடியில் வைத்து, இது ஏன் மண்ணைத் தோண்டுது என்று கேட்டேன். "மு..." என்றார். முட்டையா என்றேன். இல்லையென்று தலையாட்டினார். முருங்கையா? முன்னங்காலா? முள்ளுக் குத்தினதா? இவர் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் என்ன பிழை விட்டேன்? உதவிதானே செய்தேன்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று இவருடைய மச்சாள் அப்போதே சொன்னா. நான் கேட்கவில்லை.

ஜனவரி 30

இன்று மிஷினிலிருந்து எழுந்து போய்ப் பார்த்தபோது அவள் இவருடைய வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அதற்குள் ஒரு இலையை வைத்துக்கொண்டிருந்தாள். ஆமை எட்டிக் கடித்தது. இவர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போகிறது, ஆனால் சிரிப்பு.

நான் எண்ணெய் தேய்க்கிற கை. நான் விரிக்கிறபோது முறுக்கிக்கொள்ளுகிற கை.

அவளுக்கு அழகு கிடையாது. கறுத்து மெலிந்து காலெல்லாம் வெடிப்பு. அது தெரிந்தும் ஏன் எனக்கு நெஞ்சு இப்படி எரியுது? அழகியாய் இருந்திருந்தால் ஆம்பிளைப் புத்தி எண்டு விட்டிருப்பன். இது என்னெண்டு விடுறது?

பெப்ரவரி 3

சொல்லிப்போட்டன். படலையடியில் மறித்துச் சொன்னேன். "சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. இனி வராதை."

ஒரு சனமும் ஒன்றும் கதைக்கவில்லை.

 "சரிங்க அக்கா" என்றாள். ஆமையைத் துவாயில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் ஒரு சண்டைக்கு ஆயத்தமாக நின்றவள்; அப்படியே நிற்கவேண்டியதாயிற்று.

பெப்ரவரி 4

படலையைப் பார்த்தபடி இருக்கிறார்.

பெப்ரவரி 9

பிரசர்க் குளிசையைத் துப்புகிறார். கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. 'ஆ'வும் நின்றுவிட்டது. மகளுக்குச் செய்தி அனுப்பலாம் என்றால் செட்டிகுளத்தில் இருக்கிறவள் சாவடி தாண்டப் பாஸ் எடுத்து வந்து சேர்வதற்குள் என்ன நடக்குமோ.

நான் போய் அன்னபாக்கியத்தைக் கூப்பிட வேண்டும். செருப்பையும் போட்டேன். வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்பி வந்தேன். அவளை நம்பியா என் மனுசன் கஞ்சி குடிக்கவேணும்?

பெப்ரவரி 15

அவளே வந்தாள். படலைக்கு வெளியே ஒரு உழவு மெஷின் நின்றது. இழுவைப் பெட்டியில் சாக்கு விரித்து அவளை இருத்தியிருந்தார்கள். மலேரியா. பல் கிடுகிடுக்க இறங்கி வந்து, படலைக்கு உள்ளே கால் வைக்காமல், ஆமையை நீட்டினாள். "பெரியாஸ்பத்திரிக்குப் போறேங்க. வீட்ல யாரும் இல்ல. அக்கா பாத்துக்கிட்டாப் போதும்."

அண்ணன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டியும் பார்க்கவில்லை.

வாங்கினேன். அவள் கை நெருப்பாகச் சுட்டது. மெஷின் போன பிறகும் அந்தச் சூடு என் கையிலே நின்றது. அவளுக்கு ஏதும் நடந்தால்? நான் விரட்டின பிறகு? நுளம்பு கடித்ததற்கும் நான் விரட்டினதற்கும் என்ன சம்பந்தம் என்று என்னையே கேட்கிறேன். சம்பந்தம் இல்லை. நித்திரை மட்டும் வராது.

பெப்ரவரி 17

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

அவளுடைய ஆமைக்குத் திரும்ப மூக்கால் வடியத் தொடங்கியிருந்தது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கல்லுப் போலக் கிடந்தது. இது செத்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? தூக்கிக்கொண்டு போய் இவருக்கு முன்னால் வைத்தேன். அப்போது நான் ஒரு சட்டைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தவள். வாயில் வரிசையாகக் குண்டூசி. இரண்டு கையிலும் ஆமை. ஒன்றும் கேட்க முடியவில்லை. ஆமையை இவர் பக்கமாகத் தூக்கிக் காட்டினேன், அவ்வளவுதான்.

இவர் ஆமையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. திரும்ப அசைந்தது. என் வாய்க்குள் ஆயிரம் சொல் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஊசி விடவில்லை.

"வெந்... இல்லை." நிறுத்தினார். மூச்சு வாங்கினார். "இளஞ்சூடு. தண்ணி. முழங்கால்... அளவு. அதின்ரை முழங்கால்."

அவ்வளவையும் எனக்குச் சொன்னார்.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.  தட்டில் இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு ஆமையை வைத்தேன். கொஞ்ச நேரத்தால் தலையை வெளியே நீட்டியது.

அப்போ அவ்வளவுதானா? அவளிடம் மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். நான் ஒவ்வொரு முறையும் அவருடைய சொல்லை அவருக்கு முன்னால் பறித்து எடுத்திருக்கிறேன்.

இது தெரிந்த பிறகும் அவள்மேல் எரிச்சல் குறையவில்லை. கூடிவிட்டது. எனக்கு முதலே அவளுக்குத் தெரிந்திருக்கிறதே.

பெப்ரவரி 24

கஞ்சி குடிக்கிறார். குளிசையும். காலையில் இரண்டு ஆமையையும் வெயிலில் விட்டு, பக்கத்தில் இருந்து முருங்கைக்கீரை உருவுகிறேன். நானாக ஒன்றும் கேட்பதில்லை. எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். நாக்கைக் கடித்துப் புண்ணே வந்துவிட்டது. இன்று, அவளுடையது பெட்டை, எங்களுடையது கடுவன், கொஞ்சம் விலக்கி விடு என்றார். நான் சிரித்தேன். அவரும்.

மார்ச் 6

அன்னபாக்கியம் வந்துவிட்டாள். பாதி ஆளாக. தலைமயிர் கொட்டிப் போயிருக்கிறது. படலைக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்று நானே கூப்பிட்டேன். தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன். என்ன பேச்சு, என்ன பேச்சு! இளஞ்சூட்டுத் தண்ணிக் கதையிலிருந்து அவளுடைய ஊசி மருந்து வரைக்கும். எனக்கு ஒரு கிழமையில் சொன்னதை அவளுக்கு ஒரு தேத்தண்ணி கொதிக்கிற நேரத்திலே சொல்லிவிட்டார்.

சீனி போட மறந்து கொடுத்தேன். மறந்தேனா?

மார்ச் 8

அவள் போனபின் கோப்பைகளைக் கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன். இனி அவளுடைய ஆமையை அவளே வீட்டில் வைத்துப் பார்க்கட்டும், இது என்ன ஆமைகளுக்கு ஆசுபத்திரியோ என்று கேட்டேன்.

இவருக்குக் கோபம் வந்தது. முகம் சிவந்தது. இடது கையால் கதிரைச் சட்டத்தில் அடித்தார்.

"நீ..." என்றார். "நீ ஒரு..."

அந்தச் சொல் என்னவென்று எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் எடுத்துக் கொடுக்கலாம். கொடுக்கவில்லை. எச்சில் வழிந்தது, துடைக்கவும் போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சைக்கிளில் போனார்கள். இவர் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

"எரிச்சல்... பிடிச்ச... வள்."

"ஓம்," என்றேன். "அதுக்கு இப்ப என்ன?"

மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரிய கதை போல. நான் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தேன்.