மூன்று வீட்டுப் பால்

ஜூன் 14, சனி

இன்றும் தேதி முடிவாகவில்லை.

லேபில் மதியம் கூட்டம் குறைந்ததும் எல்லோருக்கும் போன் போட்டேன். காது சுட்டதுதான் மிச்சம். ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், அப்படியாவது எனக்கே தெளியட்டும். எங்கள் மூன்றாம் மாடி ஃபிளாட்டை ரக்ஷிதாவும் அவள் கணவன் ராகேஷும் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் நாங்கள் இரண்டு தெரு தள்ளி சேஷகிரி சாரின் தரைவீட்டை வாங்குகிறோம். அந்தப் பணத்தில் அவர் மல்லேஸ்வரத்தில் டென்சிலின் ஃபிளாட்டை வாங்குகிறார். மூன்று பத்திரமும் ஒரே நாளில் பதிவாக வேண்டும். ஒருத்தர் அசையாவிட்டால் யாரும் அசைய முடியாது.

ரக்ஷிதாவுக்கு பேங்க் கொடுத்த லோன் ஒப்புதல் ஜூலையோடு முடிகிறது. டென்சில் ஜூலைக் கடைசியில் மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போகிறார். ஆக இரண்டு முனையும் ஜூலை என்கிறது. நடுவில் இருக்கிற சேஷகிரி சார் மாட்டேன் என்கிறார். இருபத்தாறாம் தேதி ஆஷாடம் பிறக்கிறதாம், கன்னடக்காரரான அவருக்கு நல்ல காரியம் ஆகாத மாதம். "ஆஷாடத்துல மனை விஷயம் பேடாம்மா, வேண்டாம்" என்கிறார். சரி, ஆஷாடம் முடிந்ததும்? அவர் சம்சாரம் அலர்மேல்மங்கை தமிழ். அந்தம்மாவுக்கு ஆடி! அவர் மாதம் முடிவதற்குள் இவர் மாதம் ஆரம்பித்துவிடுகிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டு கெட்ட மாதம். ஆகஸ்ட் பாதிக்கு மேல்தான் கையெழுத்தாம்.

"எங்களுக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான் சார்" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. நாங்கள் பௌத்தக் குடும்பம். தங்கவயலில் எங்கப்பா ராகு காலத்தில்தான் கல்யாணமே செய்துகொண்டார்.

ஜூன் 15, ஞாயிறு

என் வீட்டுக்காரர் அப்பாதுரை பால்கனியில் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். "ரைட்ல ஒடி! ரைட்ல! டே, பின்னாடி கம்பம் கீதுடா!" கீழே யாரும் கேட்பதில்லை. இருபது வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டின மனுஷன். பிப்ரவரியில் ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கி, இடுப்பும் தொடையும் போய், உள்ளே கம்பி வைத்து மேலே தூக்கி வந்தோம். அன்றிலிருந்து தரையை மிதிக்கவில்லை. லிஃப்ட் கிடையாது. டாக்டர், படி ஏறி இறங்கக் கூடாது, சமதரையில் தினம் நடக்க வேண்டும் என்கிறார். இந்த ஹாலில் எங்கே நடப்பது? சோபாவிலிருந்து டிவி வரைக்குமா?

வாங்கப்போகிற வீட்டையே அவர் பார்த்ததில்லை. நான் போனில் எடுத்த வீடியோதான். அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார். கேட் வருகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

ராகேஷ் போன். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க, ஹெண்ணூர்ல இன்னொரு ஃபிளாட் பாத்து வெச்சிருக்கோம்." தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவன் மேல் என்ன தப்பு?

சாயங்காலம் சேஷகிரி சார் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டேன். "உங்க ரெண்டு மாசத்துக்காக என் வீட்டுக்காரர் இன்னும் மேலயே கிடக்கணுமா சார்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலர்மேல்மங்கை அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வீம்பு. நல்ல காப்பி வேறு.

ஜூன் 18, புதன்

அந்தம்மாவே போன் செய்தார்! "நேத்து நீங்க போனப்பறம் எனக்குத் தூக்கமே வரல. ஒண்ணு பண்ணலாமா? ஆஷாடம் பொறக்கறதுக்கு முன்னாடி டென்சில் ஃபிளாட்ல நாங்க பால் காய்ச்சிடறோம். பால் காய்ச்சியாச்சுன்னா குடிபோன மாதிரிதான். அப்பறம் நடக்கறதெல்லாம் வெறும் பேப்பர். இவர் சரின்னுட்டார்."

டென்சில், "அடுப்ப மட்டும் தொடச்சி வெச்சிட்டுப் போங்கம்மா" என்று சிரித்தாராம். ஞாயிறு பால். பதிவு ஜூலை 11. கடைசியில் ஒரு தேதி!

ரக்ஷிதாவிடம் சொன்னதும் அவள், "அப்ப நாங்களும் உங்க கிச்சன்ல காய்ச்சிக்கலாமா ஆன்ட்டி? எங்கம்மா ரொம்ப சந்தோஷப்படுவாங்க" என்றாள். தாராளமா காய்ச்சு தாயே என்றேன்.

ஜூன் 19, வியாழன்

காலையிலிருந்து ஒன்று உறுத்துகிறது. ரக்ஷிதா எங்கள் வீட்டில் காய்ச்சுகிறாள். அவர்கள் டென்சில் வீட்டில் காய்ச்சுகிறார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு வேண்டாம்தான், நானேதான் எல்லா நாளும் நல்ல நாள் என்று பீற்றினேன். ஆனாலும். அட்வான்ஸ் கொடுத்த அன்று அந்தம்மா "நீங்கள்லாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "பௌத்தம்மா, தங்கவயல்" என்றேன். "ஓ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை, எங்கள் சாதி புரிந்திருக்கும். அந்த "ஓ" இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டை விற்பார்கள். அவர்கள் இருக்கும்போதே அடுப்படிக்குள் விடுவார்களா?

அப்பாதுரையிடம் சொன்னேன். "பால் கெடக்குது வுடு தனம். என்னை ஒருவாட்டி கீழ எறக்கி அந்த வீட்டக் காட்டு, அது போதும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

லேபில் இருந்தபோது அலர்மேல்மங்கை அம்மா. "ஞாயித்துக்கெழமை எத்தனை மணிக்கு வரேள்?"

எங்கே என்றேன்.

"எங்காத்துக்குத்தான். இதென்ன கேள்வி! நடுவுல ஒரு வீட்ட விட்டுட்டுக் காய்ச்சுவாளா? எங்களுக்கு ஏழரைக்கு மல்லேஸ்வரம். உங்களுக்கு ஆறு மணி. அவரையும் அழைச்சுண்டு வாங்கோ."

சரி என்று மட்டும் சொன்னேன். எதிரே ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர், "என்ன மேடம், நல்ல செய்தியா?" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

இறக்கிவிட்டோம்!

ராகேஷ், அவன் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர், கீழே துணி தேய்க்கிற ஷங்கர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் இடுப்பைக் கட்டித் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இவர் டிரைவிங் சொல்லிக்கொடுத்தார். "லெஃப்ட்ல சாய்ச்சிக்க, லெஃப்ட்ல!" ஷங்கர், "அண்ணா, நீ வாய மூடு, இல்லாட்டி இங்கயே பார்க் பண்ணிடுவேன்" என்றான். கீழே இறக்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மண்ணில் பதித்து நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ராகேஷின் காரில் ஏற்றினோம்.

சேஷகிரி சார் வீட்டு அடுப்பில் புதுப் பாத்திரம் இருந்தது. ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. பால் காய்ச்சப் புதுசுதான் வைப்பார்கள், எனக்கும் தெரியும். இல்லை, அவர்கள் பாத்திரத்தை நாங்கள் தொடக்கூடாது என்றா? தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். ஸ்டிக்கரைக் கிழித்துக் கொடுத்தது அந்தம்மா. அடுப்பைப் பற்றவைத்தது நான். பொங்கியது. எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றினேன். அந்தம்மா அண்ணாந்து குடித்தார், ஆனால் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

சாரும் அந்தம்மாவும் மல்லேஸ்வரத்திலும், ரக்ஷிதா எங்கள் கிச்சனிலும் காய்ச்சிவிட்டு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. திரும்ப மேலே தூக்கவேண்டிய பையன்கள் வாசலில் நின்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாதுரை வராந்தாவில் கேட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சேஷகிரி சார் குடையை மடக்கிக்கொண்டே வந்தார். "ஈ மழையில படியேத்தறதா? பேடா பேடா. முன் ரூம் சும்னே காலியா இருக்கு. பால் காய்ச்சின மேல் இன்னென்ன? இங்கயே இருக்கட்டும்."

பதிவுக்கு முன்னால் வாங்குகிறவனை வீட்டுக்குள் விடுவார்களா? எந்த வக்கீலும் தலையில் அடித்துக்கொள்வார்.

முன் ரூமிலிருந்துதான் எழுதுகிறேன்.

ஜூன் 26, வியாழன்

ஆஷாடம் பிறந்தது. வராந்தாவில் நாலு நடை.

ஜூலை 3, வியாழன்

ஒரு கூரையின் கீழ் இரண்டு குடும்பம் இருப்பது லேசில்லை. எங்கள் கருவாட்டு வாசனைக்கு அந்தம்மா ஜன்னலைத் திறந்துவைத்தார். அப்புறம் நான் ரூபினி வீட்டில், அதாவது என் தங்கை வீட்டில், சமைத்து எடுத்துவர ஆரம்பித்தேன். "அதுக்காகவா ஜன்னல தொறந்தேன்? புழுக்கமா இருந்துது" என்கிறார். நம்புவதா? சார் காலை ஐந்து மணிக்கே சுப்ரபாதம் போடுகிறார், நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். ஆனால் வாக்கரோடு அப்பாதுரை கேட் வரைக்கும் போகும்போது கூடவே நடப்பவரும் சார்தான். இரண்டு பேரும் ஒரே கிரிக்கெட் மேட்சைப் பற்றி மூன்று நாளாகச் சண்டை போடுகிறார்கள்.

ஜூலை 10, வியாழன்

பாதி சாமான் மல்லேஸ்வரம் போய்விட்டது. அந்தம்மா அடுப்பு மேடையை மூன்று தடவை துடைத்தார். "நாப்பது வருஷம்" என்றார். நான் துணியை வாங்கிக்கொண்டேன், கொடுத்துவிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

ஆயிற்று. மூன்றும்.

இரண்டு வீடும் என் பெயர் என்பதால் அப்பாதுரை வரவில்லை. பதிவு ஆபீஸில் காத்திருந்தது, கைரேகை, போட்டோ, டென்சில் வாங்கிக்கொடுத்த பாதாம் பால் — எழுத ஒன்றும் இல்லை. ரக்ஷிதாவிடம் மூன்றாம் மாடிச் சாவியைக் கொடுத்தேன். சேஷகிரி சார் என்னிடம் கொடுத்தார், டென்சில் அவரிடம் கொடுத்தார். அவ்வளவுதான்.

துளசித் தொட்டியும் மிச்ச மூட்டையும் எடுக்க அவர்கள் டெம்போவோடு வந்தார்கள். நான் பின்னால் ஆட்டோவில். தெரு முனையிலேயே குரல் கேட்டது. "வா... வா... ரைட்ல ஒடி... போதும்!" அப்பாதுரை வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்றுகொண்டிருந்தார். டெம்போக்காரன் சொன்னபடி கேட்டான்.

சேஷகிரி சார் இறங்கி வந்தார். பழக்கத்தில் கேட் தாழ்ப்பாள் மேல் கை வைத்தவர், சட்டென்று எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

அப்பாதுரை மெதுவாகத் திரும்பி, ஒரு கையால் கேட்டைத் தள்ளித் திறந்தார்.

"இன்னா சார், வெளிய நின்னுக்கினு? உள்ள வாங்க."