பெடலில் உன் அம்மாவின் கால்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி இருமல் எதையும் இழுத்துக்கொள்ளாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். உடம்புக்குக் குறை இல்லை என்றுதான் சொன்னேன், மனசைப் பற்றிச் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.

விஷயம் இதுதான், எனக்கு உன் அம்மா மேல் பொறாமை. சிரிக்காதே. முப்பத்தி நாலு வருஷம் பட்டறையில் இரும்பு கேட்டும் கிரில்லும் வெல்டிங் அடித்தவன் நான். வேலையை விட்டு வந்ததும் வீட்டிலேயே அலுமினியம் கற்றுக்கொள்கிறேன் என்று உன்னிடம் பெருமை பேசினேன், நீயும் அந்த டிக் வெல்டிங் மெஷினை வாங்கி அனுப்பினாய். பின்பக்க ஷெட்டில் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துவிட்டு மெஷினையும் கேஸ் சிலிண்டரையும் வைத்தேன். வைத்ததோடு சரி. இரும்பு என்றால் சூடு ஏற ஏறச் சிவக்கும், அதைப் பார்த்துக் கை தானாக நகரும். இந்தப் பாழாய்ப்போன அலுமினியம் சிவக்கவே மாட்டேன் என்கிறது. நான் சிவக்கட்டும் சிவக்கட்டும் என்று காத்திருப்பேன், அது சொல்லாமல் கொள்ளாமல் பொத்தென்று ஓட்டை விழும். பழைய பழக்கத்தில் பொறி கிளப்ப டார்ச் ஊசியைத் தகட்டில் உரசி உரசி எத்தனை ஊசியைக் கெடுத்தேன் தெரியுமா, கசடே இல்லாத வெல்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வேறு நின்றேன், கர்மம். வலது கையில் டார்ச், இடது கையில் உருக்கிச் சேர்க்கும் அலுமினிய ராடு, சூட்டைக் கூட்டிக் குறைக்கக் காலில் பெடல், மூன்றும் தனித்தனியாக வேலை பார்க்க வேண்டும். என் கால் தரையில் நிற்க மட்டும்தான் பழகிய கால்.

ஒரு நாள் கொடியை எங்கே கட்டுவது என்று சண்டை போட வந்த உன் அம்மா பெடலைப் பார்த்துவிட்டு, இது என் தையல் மெஷின் மாதிரிதானே இருக்கு, ஒரு தடவை மிதிச்சுப் பார்க்கட்டுமா என்றாள். சரி, திருதிருவென்று முழிக்கட்டும், நாமும் கொஞ்சம் சிரிக்கலாம் என்று ஹெல்மெட்டைக் கொடுத்தேன். இருபத்தெட்டு வருஷம் திரைச்சீலையும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைத்த கால் அது, மறந்துபோனேன். மெல்ல மிதித்தாள், தகட்டில் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு வந்தது, ராடால் ஒரு பொட்டு வைத்தாள், நகர்ந்தாள், மறுபடி ஒரு பொட்டு. சிவப்புக்கு அவள் காத்திருக்கவே இல்லை, இரும்பு சிவக்கும் கதை அவளுக்குத் தெரிந்தால்தானே. முதல் நாள் கொஞ்சம் கோணல்தான், பத்தே நாளில் வரிசையாக அப்படி ஒரு ஒழுங்கு. ஜிப் வைக்கிறதை விட இது சுலபம்தாங்க என்றாள் ஒரு தடவை. போன மாதம் உனக்கு அனுப்பினேனே ஒரு போட்டோ, ஆபீசில் எல்லாரிடமும் காட்டினேன் என்றாயே, அது உன் அம்மா போட்ட வெல்டு. சொல்லிவிட்டேன், அப்பாவைத் திட்டிக்கொள்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் தட்டு அடுக்கும் அலுமினிய வண்டியைக் கொண்டுவந்தார், கால் விட்டுப்போயிருந்தது. என்னால் முடியவில்லை, நான் சிலிண்டர் மாற்றப் போன நேரத்தில் உன் அம்மா போட்டு முடித்துவிட்டாள். தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன், அந்த மனுஷன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, யார் கைங்க இது என்றார். என் கைதான் என்றேன், வாய் கூசவே இல்லை எனக்கு. கடையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள், கையோடு இன்னொரு வண்டியையும் கொடுத்துவிட்டார். மறுநாள் ரொட்டி வாங்கப் போன உன் அம்மாவிடம், உங்க வீட்டுக்காரர் கை தங்கமான கைம்மா என்றிருக்கிறார். அவளும் ஆமாங்க என்று சிரித்துவிட்டு ரொட்டியோடு வந்துவிட்டாள், என்னிடம் மூச்சு விடவில்லை, கடைக்காரரே பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டாவது வண்டியையும் அவள்தான் போட்டாள். போய்ப் பார்க்கிறேன், பிடிப்பு பலமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெல்டு வரி ஒரே நெளிவு, இங்கே மேடு அங்கே பள்ளம். உண்மையைச் சொல்கிறேன் குட்டிம்மா, எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்ன, கை வழுக்கிடுச்சா என்று குத்தலாகவே கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், உங்க கைன்னு சொல்லிட்டீங்களே, நாளைக்கு அவர் எதிர்லயே போடச் சொன்னா என்ன பண்ணுவீங்க, அதான் உங்க கை மாதிரியே போட்டேன், ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்தது என்றாள். என்னைக் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு நாள் அந்த வண்டியைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் ஷெட்டிலேயே வைத்திருந்தேன்.

இன்றைக்குக் காலையில் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ரொட்டிக்கடைக்காரரிடம், முதல் வண்டி என் சம்சாரம் போட்டதுங்க, நான் பொய் சொல்லிட்டேன் என்று ஆட்கள் இருக்கும்போதே சொன்னேன். அவர் ஆவென்று பார்த்தார். அப்புறம் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இந்த நெளிவு மேல் விரலை ஓட்டிக்கொண்டே, அப்போ இது நீங்க போட்டதா, அதானே பார்த்தேன் என்றார். இல்லை, அதுவும் அவள்தான் என்றால் அவள் கைக்கு அல்லவா கெட்ட பேர். ஆமாங்க, இது நான் போட்டது என்றேன். இனிமே எதுவா இருந்தாலும் அம்மாகிட்டயே கொடுத்துடுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, உன் கையாலதான் வேணுமாம் அவருக்கு என்று மட்டும் சொன்னேன், அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு வயிறு இன்னும் எரியத்தான் செய்கிறது, மறைக்க மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு, சண்டை போட்டாலும் பொழுது சாய்வதற்குள் சமாதானமாகி, மனம் நிறைய வாழ வேண்டும். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எப்போதும் என்னிடம் வேலையைப் பற்றியும் அவளிடம் சமையலைப் பற்றியும் கேட்பாயே, இந்தத் தடவை அவளிடம் வேலையைப் பற்றிக் கேள். இரண்டாவது வண்டியைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அம்மாவுக்கு ராடு எடுத்துக் கொடுக்கும்,
உன் அப்பா