பொட்டு வைத்த இடம்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
பௌர்ணமிக்கு மறுநாள்

அன்பு மகள் ரேவதிக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி கவிநிலாவும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். நீ அடுத்ததாக யாரை விசாரிப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன், ஹாலில் உட்கார்ந்திருக்கும் உன் பழைய கம்ப்யூட்டருக்கு இன்னும் உடம்பு தேறவில்லை. ஃபோனில் சொல்லாமல் ஏன் கடுதாசி என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் பக்கத்தில் உன் அப்பா நிற்பார், பாதியில் வாங்கிக்கொள்வார். இதைப் பருப்புப் பொடிப் பொட்டலத்துக்கும் வடகத்துக்கும் நடுவில் வைத்து அனுப்புகிறேன். அந்தப் பார்சலை அவர் பிரித்துப் பார்க்க மாட்டார், அதில் ஒயர் எதுவும் இல்லையே.

நிலா உன்னிடம் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கம்ப்யூட்டர் இருந்ததா என்று கேட்டாளாம், நீயும் உடனே அப்பாவைக் கூப்பிட்டு, நம்ம டிடிபி கடை கம்ப்யூட்டர் இன்னும் இருக்காப்பா, ஆன் பண்ணி இவளுக்குக் காட்டுங்கன்னாய். அவ்வளவுதான். கலெக்டர் ஆபீஸ் எதிரில் மனு டைப் அடித்துக் கொடுத்த அந்தக் கடையை மூடிய நாளிலிருந்து என் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு பரணில் தூங்கினதை இறக்கி, ஹாலில் என் தையல் மெஷின் இருந்த இடத்தில் வைத்துவிட்டார். தையல் மெஷின் இப்போது பின்கட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதைப் பற்றி நீயும் கேட்கவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவாய், சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, அதோடு சரி. அது கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து தினம் வீடியோவில் கூப்பிடுகிறாய், மணிக்கணக்கில் பேசுகிறாய். எல்லாம் அவரோடு.

நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியுமா. உன் அப்பா இரண்டு கையையும் பெட்டிக்குள் விட்டுக்கொண்டிருப்பார், ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். இன்னும் கீழேம்மா, லெஃப்ட்லம்மா, அசையாதம்மா. இந்த ஒரு மாதத்தில் நீ என்னோடு பேசின பேச்சு இதுதான். அதன் உள்ளே அடைந்திருந்த தூசியைப் பார்த்துவிட்டு ஐயோ பாவம்னாய். என் கை வலித்து நடுங்கினபோது, நெட் சரியில்லையாப்பானு கேட்டாய். ஒரு தடவையாவது ஃபோனை உன் பக்கம் திருப்பும்மா, உன் மூஞ்சியைப் பார்க்கணும்னு சொல்வாய் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

பொறாமைதான், நானே சொல்லிவிடுகிறேன், நீ மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தாலும் பரவாயில்லை. அதற்கு நடந்த வைத்தியத்தைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். முதலில் ஃபேனே சுற்றவில்லை என்று தேரடித் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் குமரேசனை அழைத்து வந்து பவர் சப்ளையை மாற்றினார். உள்ளே பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருந்தது, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அதைச் சுத்தம் செய்து புதுசு போட்டார்கள். நீ சொன்னபடி ரேமை எடுத்துப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார்கள். அப்புறம் திரை வந்தது, ஆனால் கீபோர்டு எர்ரர் என்று ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. கட்டைப் பின் வைத்த பழைய மாதிரி கீபோர்டு தேடி இரண்டு வாங்கியாயிற்று, அதே வரிதான். இதை எடைக்குப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க சார்னு குமரேசன் சொன்ன அன்று உன் அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. எனக்கு டைஃபாய்டு வந்தபோது மனிதர் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை.

அன்றைக்கு நீ பூட் ஆகல, பூட் ஆகலன்னு திரும்பத் திரும்பச் சொன்னாய். எனக்குப் பூட்டுனுதான் காதில் விழுந்தது. சரி, ஏதோ பூட்டு மாட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று, சாவி எங்க வச்சீங்கனு அவரைக் கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்களே ரேவதி, டென்மார்க்கிலிருந்து நீயும் ஹாலிலிருந்து அவரும். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

நேற்று பௌர்ணமி. உன் அப்பா கிரிவலம் போய்விட்டார், போகும்போது அதைத் தொட்டுடாதனு சொல்லிவிட்டுத்தான் போனார். ஊரெல்லாம் ஜனம், சிக்னல் செத்துப்போய்விட்டது, நீயும் கூப்பிட முடியாது. பெட்டியெல்லாம் குமரேசனின் அழுக்குக் கைரேகை, துடைக்கலாம் என்று ஈரத்துணியோடு உட்கார்ந்தேன். முன்பக்கம் வட்டமாக ஒரு வளையம் இருக்கிறதல்லவா, கடையில் இருந்த காலத்திலிருந்து ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நான் சந்தனம் குங்குமம் வைப்பது அதில்தான், பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரி இருக்கும். பரணில் கிடந்தபோதும் ஸ்டூல் போட்டு ஏறி வைத்திருக்கிறேன். சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து கல்லாகியிருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டினேன், சுரண்டச் சுரண்ட உள்ளே போகிறது. பார்த்தால் சாவித் துவாரம்.

நீங்கள் சிரித்த அதே பூட்டு. கம்ப்யூட்டர் படித்த நீயும், அதை வைத்துப் பிழைப்பு நடத்தின உன் அப்பாவும், கடை வைத்திருக்கிற குமரேசனும் அந்தப் பெட்டியில் பார்க்காத இடமில்லை, நான் பொட்டு வைத்த இடத்தை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. கடையை மூடின அன்று உன் அப்பா கொடுத்த சாவிகளைப் பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், அதில் குழல் மாதிரி உருண்டையாக ஒன்று, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாமல் கிடந்தது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் திருப்பினேன், திரும்பியது. எந்தச் சுவிட்சை முதலில் போட வேண்டும் என்று ஒரு மாதமாக நின்று பார்த்தவளுக்குத் தெரியாதா, போட்டேன். கீபோர்டு எர்ரர் வரவில்லை, இத்தனை நாளும் அந்தப் பூட்டுத்தான் கீபோர்டைப் பூட்டி வைத்திருக்கிறது. செட்டிங் வைக்கிற நீலத் திரை வந்தது, அம்புக்குறியை அழுத்தினால் நகர்ந்தது. நீலத் திரை வந்துட்டா மீதி அஞ்சு நிமிஷம்தாம்பானு நீதான் அடிக்கடி சொல்வாய்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். அவர் வந்ததும் சொல்வேன், அவர் உனக்குச் சொல்வார், நீ சூப்பர்ப்பான்னு அவரைக் கொஞ்சுவாய், அந்த அஞ்சு நிமிஷமும் முடிந்துவிடும், மறுபடி ஞாயிற்றுக்கிழமை, சாப்டியாம்மா. அணைத்துவிட்டேன். மறுபடி பூட்டி, மேலே புதுசாகச் சந்தனம் வைத்துவிட்டேன். உன் அப்பா கால் வீங்கி வந்தார், முதலில் பெட்டியைப் பார்த்தார், அப்புறம்தான் என்னிடம் தண்ணீர் கேட்டார். மூன்றாவது கீபோர்டு வேறு வந்துகொண்டிருக்கிறது. பாவம்தான், ஆனாலும் சொல்லவில்லை. சாவி என் தாலிக் கயிற்றில் ஊக்கில் தொங்குகிறது.

நிலாவுக்குத் தலைக்குக் குளிப்பாட்டும் அன்று நல்லெண்ணெய் ஒரு சொட்டாவது தொப்புளில் வை, அங்கே சூடு பிடிக்காதென்று விட்டுவிடாதே. மாப்பிள்ளைக்கு சுகர் இருக்கிறதே, வடகத்தோடு சாதத்தை ஜாஸ்தி போட்டுவிடாதே. வடகத்தை எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு பொரி.

சாவியை வைத்து உன்னிடம் பேரம் பேசுவேன் என்று பயப்படாதே, குழந்தை கேட்டதைப் பார்க்காமல் போகக் கூடாது. இது உன் கையில் கிடைத்ததும் கூப்பிடு. அன்றைக்கு உன் அப்பா ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், நான் சாவியைத் திருப்புகிறேன், நீ பார். அதுவரை அவரிடம் மூச்சு விடாதே. மூன்று பேரும் நீண்ட ஆயுசோடும் நிறைந்த மனசோடும் இருங்கள், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே, அது ஓடத் தொடங்கின பிறகு, இந்த வீட்டில் எதுவும் ரிப்பேர் ஆகாத ஒரு நாளில், என் நம்பருக்கு ஃபோன் பண்ணு.

உன் அம்மா,
அ. ஜோதியம்மாள்