மீரானை எழுப்பின காலை

ஷார்ஜா
9.8.1998

அன்புள்ள ஜெயராணிக்கு,

மாதா புண்ணியத்துல நான் சொகம். உனக்கு இடுப்பு வலி தேவலையா? பவுலு பள்ளிக்கூடம் ஒழுங்காப் போறானா?

கேளு, ஒரு அதிசயம் நடந்துருக்கு! என் ரூம்ல லப்பைக்குடிகாட்டு மீரான் பாய் இருக்காருல்ல, அவரு விடியக்காலைல தொழுவ எந்திரிக்கிறப்ப என்னையும் உலுக்கி, "சூசை, நான் தொழுவப் போறேன், நீ உன் செபத்தைச் சொல்லு"ம்பாரு. இங்க வந்ததுலேருந்து அவரு தயவுலதான் என் காலை செபமே.

நேத்து அவருக்கு லேசாக் காய்ச்சல். மாத்திரை போட்டுட்டு அசந்து தூங்கிட்டாரு. யாரும் உலுக்கலை, நானே எந்திரிச்சுட்டேன் ஜெயராணி! நானே! சிலுவை போட்டு செபத்தைச் சொல்லி முடிச்சுட்டு, "பாய், நேரமாச்சு, தொழுவலையா?"ன்னு அவரை எழுப்பினேன். என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பாத்தாரு. "அல்லாவே, சூசையா என்னை எழுப்புறது?"ன்னு காய்ச்சலோட சிரிச்சாரு. இப்ப தேவலை, பயப்படாத.

நீ மூஞ்சில தண்ணி தெளிச்சாலும் பொரண்டு படுக்குறவன் நான்! நம்ம சாமியாருகிட்ட சொல்லு, நம்பவே மாட்டாரு. கோயிலு இங்கேருந்து ரொம்பத் தூரம். ஆனா கட்டடத்துல கம்பி கட்டுறப்பயும் உதடு தானா செபம் சொல்லுது. ஆண்டவரு சாரத்து மேல கூடவே நிக்கிறாப்புல இருக்கு.

மீரான் பாய் தம்பி அடுத்த மாசம் இங்க வர்றான். அவன்கிட்ட எள்ளுப் பொடியும் ஒரு கேசட்டும் குடுத்துவுடு. நீயும் பவுலும் சொல்ற செபமாலையை அதுல பதிஞ்சிரு. மிச்சம் இருந்தா, காலைல என்னை எழுப்புறதுக்குத் திட்டுவியே, அதையும் பதி.

நானேதான் எந்திரிக்கிறேன். ஆனாலும் பதி.

வேலைக்குப் போற வேன் வந்துருச்சு.

சூசை