வெள்ளிக்கிழமை மாத்திரை

ஜூன் 12, வியாழன். சாயங்காலத்திலிருந்து மழை.

இதை எடுத்தது யாராக இருந்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படியுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டாம். அத்தையிடம் கண்டிப்பாக வேண்டாம். இந்த நோட்டின் அட்டையில் ‘சரித்திரம், படிவம் மூன்று’ என்று என் வகுப்புப் பெயர் எழுதியிருப்பது முதல் நான்கு பக்கத்துக்கு மட்டும்தான் உண்மை.

விஷயம் இதுதான். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. மூச்சு இளைப்புக்காகப் பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டார். அதில் எலும்பு மெலிந்துவிட்டது என்கிறார் டாக்டர். பிப்ரவரியில் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையின் ஈரத் தரையில் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிந்தது. அதிலிருந்து வாரத்துக்கு ஒரு எலும்பு மாத்திரை.

அப்பா லாரி ஓட்டுகிறார். ஜொகூர் போனால் சனிக்கிழமைதான் திரும்புவார். அதனால் அப்பாவின் அக்கா, அலோர் காஜா பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்த அத்தை, பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கை குணமாகும் வரைக்கும் என்றார்கள். கை குணமாகி இரண்டு மாதம் ஆகிறது.

மாத்திரைக்கு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது அம்மா. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டிய மாத்திரை, வெள்ளிக்கிழமை எப்படியும் மத்தியானம் வரை விரதம். வியாழன் இரவே அத்தை மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கி, சாமி மேடையில் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் போட்டு மூடி வைக்கிறார்.

ஏன் பிதுக்க வேண்டும்? உறையிலேயே இருந்தால் என்ன? உறை அத்தையின் கைப்பைக்குள். நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லையாம்.

ஜூன் 13, வெள்ளி. தூறல்.

5.15 மாத்திரை.
6.30 நெஞ்சு எரிச்சல். (இனி நெ.எ.)
மத்தியானம் சோறு இறங்கவில்லை. மூன்று வாய்.
தொடர்ந்து நான்காவது வெள்ளி இப்படி.

“நெஞ்சுல மிளகா அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு அண்ணி.”

“வெறும் வயிறு, காத்து அடைக்கும். கொஞ்சம் பொறுத்துக்க சாந்தா.”

இதைச் சொல்லும்போது அத்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரை போட்ட கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். உடனே ஏன் கழுவ வேண்டும்?

ஜூலை 8 கிளினிக். எரிச்சல் நிற்காவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி போடலாம் என்று டாக்டர் போன தடவை சொல்லியிருக்கிறார்.

கணிதம் 61. யாரும் கேட்கவில்லை. நல்லது.

ஜூன் 15, ஞாயிறு. வெயில், துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது.

குப்பை கட்டும்போது பார்த்தேன். மெல்லிய வெள்ளைத் தாள், துண்டு துண்டாகக் கிழித்தது. மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாள். பாதித் துண்டுகள்தான் கிடைத்தன. குளியலறையில் கதவைச் சாத்தி, தரையில் பரப்பி ஒட்டினேன். மலாயிலும் இங்கிலீஷிலும் இருந்தது. புரிந்தவரை:

தொண்டையில் புண் வரலாம்.
தொடையில் வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும்.
பல் பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகலாம்.

எலும்பு பலமாவதற்கு என்று சொல்லிக் கொடுக்கிற மாத்திரை எலும்பைச் சாகடிக்குமா? இந்தத் தாள் வேறு ஏதோ மருந்துடையது. அதனால்தான் கிழித்திருக்கிறார்.

பின்கட்டில் அத்தை போனில், மெதுவாக: “சாந்தாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். பொண்ணு காதுலயும் போட்டுடாத. நீ சும்மா இரு.” எதிர்ப்பக்கம் அவர் மகன்.

அத்தைக்கும் அந்த மகனின் மனைவிக்கும் ஒத்துப்போகாது என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மா தேறிவிட்டால் அத்தை தோட்டத்து வீட்டுக்கு, அவர்களிடமே திரும்ப வேண்டும். அம்மா தேறாவிட்டால்?

அப்பாவிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன், அத்தை மாத்திரையை ஏன் ஒளித்து வைக்கிறார் என்று.

“வாயைக் கழுவு. அக்கா மட்டும் இல்லேன்னா உன் பள்ளிச் சட்டையை யாரு இஸ்திரி போடுவா, நானா?”

அப்பாவிடம் இனி இல்லை.

ஜூன் 19, வியாழன். புழுக்கம்.

செய்துவிட்டேன்.

அத்தை கிண்ணத்தில் வைத்த மாத்திரையை எடுத்துக்கொண்டு என் மாத்திரையைப் போட்டேன். போன வருடம் வாய்ப்புண்ணுக்குக் கொடுத்த வைட்டமின். அதுவும் வெள்ளை, வட்டம், ஏறக்குறைய அதே அளவு. விடிகாலையில் விளக்கு வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. வைட்டமின் யாரையும் கொல்லாது.

எடுத்ததைத் தாளில் சுற்றி ஜியோமெட்ரி பெட்டியில், காம்பஸுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அவசரமாக மூடியதில் கிண்ணத்தின் மூடி பூஜை மணிமேல் பட்டது. சின்னச் சத்தம்தான். அத்தை அறையில் இருமினார்.

ஜூன் 20, வெள்ளி. காலையில் பனி மாதிரி.

இன்று சீக்கிரம் எழுந்து எல்லாம் பார்த்தேன். அம்மா குளித்து, விளக்கேற்றி, கிளாஸ் நிறையத் தண்ணீரில் மாத்திரையை முழுங்கி, மூன்று முறை விழுந்து கும்பிட்டு, கோலம் போட வாசலுக்குப் போனார். எப்போதும் போல.

6.30 நெ.எ. இல்லை.
8 மணிக்குப் பள்ளிக் கேண்டீனில் அம்மா வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்த்தேன். இல்லை. மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே, “என்னம்மா, வகுப்புக்குப் போகாம என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிற?” என்றார்.
மத்தியானம் சோறு முழுத் தட்டு.

நான் நினைத்தது சரி. நான் நினைத்தது சரி.

ஜூலை 4, வெள்ளி. மழை இல்லை.

ஜூன் 27 நெ.எ. இல்லை. இன்றும் இல்லை. மூன்று வெள்ளி. ஜியோமெட்ரி பெட்டியில் மூன்று மாத்திரை.

அத்தை அம்மாவிடம்: “பாத்தியா, உடம்பு பழகிடுச்சு.” சிரித்துக்கொண்டு சொல்கிறார். என்ன தைரியம்.

கிளினிக்கில் யாரிடம் சொல்வது? டாக்டர் மலாய்க்காரர், நல்லவர், ஆனால் அவசரக்காரர். மருந்து கவுண்ட்டரில் ஒரு தமிழ் அக்கா இருக்கிறார். அவரிடம் மாத்திரையைக் காட்டலாம். ஆதாரம்.

ஜூலை 8, செவ்வாய். நல்ல வெயில். பள்ளிக்குப் போகவில்லை.

மெதுவாக எழுதுகிறேன்.

அம்மாவோடு நான்தான் போனேன், டாக்டர் சொல்வதை எடுத்துச் சொல்ல. அத்தைக்கு முட்டி வலி, வரவில்லை. டாக்டர் வரிசையாகக் கேட்டார். தொடை வலி? இல்லை. பல் ஏதாவது பிடுங்க வேண்டியிருக்கிறதா? இல்லை. இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள் என்றார். நெஞ்சு எரிச்சல்? அம்மா என்னை முந்திக்கொண்டு, “இல்ல டாக்டர், சுத்தமா இல்ல. மூணு வாரமா இல்ல” என்றார். டாக்டருக்குச் சந்தோஷம். அப்படியானால் ஊசி வேண்டாம், இதே மாத்திரை, சிறுநீரகமும் கால்சியமும் பார்க்க இன்று ரத்தம், ஆறு மாதம் கழித்து வாருங்கள். எழுதிவிட்டார்.

அம்மா ரத்தம் கொடுக்கப் போனபோது நான் மருந்து கவுண்ட்டரில். அந்த அக்கா கார்டைப் பார்த்துவிட்டு மாத்திரை உறையை என்னிடம் நீட்டினார். முதல் தடவையாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு மாத்திரையிலும் இரண்டு எழுத்து, நடுவில் ஒரு கோடு.

என் பையில் இருந்த மூன்றிலும் அதே இரண்டு எழுத்து. அதே கோடு.

அத்தை வைத்தது சரியான மாத்திரைதான். அக்கா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, உன்னத்தான். போன தடவை எரிச்சல்னு எழுதியிருக்கே. மாத்திரை போட்டு அரை மணி நேரம் அம்மா என்ன பண்ணுவாங்க?”

“படுக்க மாட்டாங்கக்கா. அத்தை விடமாட்டாங்க.”

“நல்லது. உக்காந்திருப்பாங்களா?”

“கோலம் போடுவாங்க.”

“அதுக்கு முன்னாடி?”

“விழுந்து கும்பிடுவாங்க.”

“எத்தனை தடவை?”

“மூணு.”

பேனாவை வைத்துவிட்டார். “வெறும் வயித்துல இதை முழுங்கிட்டு தலையைக் கவுத்தா அது மேலதான் ஏறி வரும். தொண்டைக் குழாயைப் புண்ணாக்கிடும். சும்மா எரிச்சல்னு நினைக்காதீங்க, ரத்தம் கசியற அளவுக்குப் போகும். சாமி எங்கயும் ஓடிப் போகாது லா. முதல்ல கும்பிடச் சொல்லு, கோலம் போடச் சொல்லு, கடைசியா மாத்திரை. அப்புறம் அரை மணி நேரம் நேரா இருக்கணும்.”

“அக்கா, மூணு வாரம் போடலேன்னா என்ன ஆகும்? சும்மாதான் கேக்குறேன்.”

“சும்மா கேக்குறவங்க மூணு வாரம்னு எண்ணி வச்சிருக்க மாட்டாங்க.” பேனாவை மறுபடி எடுத்தார். “உடனே ஒண்ணும் ஆகாது. விட்டதைச் சேத்துப் போடக் கூடாது. ஆனா டாக்டருக்குத் தெரியணும். தெரியாம அவரு எப்படி முடிவு பண்ணுவாரு?”

அதற்குள் அம்மா பஞ்சை அழுத்திக்கொண்டு வந்துவிட்டார். எப்போதும்போல் ரத்தம் எடுத்த நர்ஸ் மிஸ்ஸியைத் திட்டிக்கொண்டே.

ஜூலை 9, புதன். மேகமூட்டம்.

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய்ந்தேன். கேட்டேவிட்டேன், மாத்திரையை ஏன் உறையிலிருந்து எடுத்து வைக்கிறீர்கள் என்று.

“உங்கம்மாவைப் பத்தி உனக்குத் தெரியாதா பாப்பா? பெட்டிக்குள்ள ஒரு பேப்பர் வருது. என் மகன்கிட்ட போன்ல படிக்கச் சொன்னேன். தாடை போயிடும், தொடை போயிடும்னு. ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராதாம். ஆனா அவ அதைப் பாத்தா மாத்திரையைச் சாக்கடையில போட்டுட்டு உக்காந்துடுவா. கிழிச்சுப் போட்டேன். உறையிலயும் என்னென்னமோ அச்சடிச்சிருக்கான், அதான் உறையையும் காட்டுறதில்ல.”

எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதும் அந்தத் தாளில்தான் இருந்திருக்கும். கிடைக்காத பாதியில்.

கீரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டேன். அத்தை சும்மா இருக்கவில்லை.

“ஏன் திடீர்னு கேக்குற?”

“சும்மா.”

“உன் வாய்ப்புண் மாத்திரை டப்பா காலியா இருக்கு. திரும்ப வந்துடுச்சா? வாயைத் திற, பாப்போம்.”

திறந்தேன். பார்த்தார். புண் இல்லை. மறுபடி காம்பை ஒடிக்க ஆரம்பித்தார். ராத்திரி சாப்பிடும்போது இரண்டு தடவை என்னைப் பார்த்தார். நானும் ஒரு மாதமாக அவரை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஜூலை 10, வியாழன். மழை வருகிற மாதிரி, வரவில்லை.

கவுண்ட்டர் அக்கா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். கும்பிட்ட பிறகு மாத்திரை, அவ்வளவுதான், சின்ன மாற்றம்.

“வெள்ளிக்கிழமை அஞ்சே கால் மணிக்கு மாத்திரை, அப்புறம் கும்பிடு. அதை மாத்த மாட்டேன். படுக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க, கும்பிடக் கூடாதுன்னா சொன்னாங்க?”

“குனிஞ்சா எரியும்மா. அதனாலதான் எரிஞ்சுச்சு.”

“மூணு வெள்ளியும் விழுந்துதானே கும்பிட்டேன்? எரிஞ்சுச்சா? சொல்லு.”

நான் கிளாஸை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன்.

“எரிச்சலை எடுத்ததே சாமிதான். நின்னா பதினோரு தடவை விழுறேன்னு வேண்டியிருந்தேன். நாளைக்கு நிறைவேத்தணும். நீயும் சீக்கிரம் எந்திரி.”

பதினொன்று. உண்மையான மாத்திரையோடு.

ராத்திரி சாப்பிட்டதிலிருந்து இதையே போட்டுப் பார்க்கிறேன்:

1. அத்தை வைத்ததை அப்படியே விட்டால் – தொண்டை.
2. திரும்பவும் மாற்றினால் – எலும்பு. இன்னொரு முறை வழுக்கினால் இடுப்பாக இருக்கலாம். வைட்டமினும் தீர்ந்துவிட்டது.
3. அம்மாவுக்கும் டாக்டருக்கும் சாட்சி அந்த மூன்று வெள்ளிதான். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

அத்தை தன் தம்பி மனைவியை ஏமாற்றி மருந்து கொடுத்தார் என்று நினைத்தேன். இந்த வீட்டில் மாத்திரையை மாற்றியது ஒரே ஒருத்திதான்.

10.40. போய்க் கிண்ணத்தைத் திறந்தேன். இருந்ததை எடுத்தேன். பதிலுக்கு எதுவும் வைக்கவில்லை. மூடியையும் போடவில்லை. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால் விளக்கடியில் முதலில் அதுதான் கண்ணில் படும்.

நான்கும் இப்போது என் மேசைமேல். எழுத்து மேலே தெரிகிற மாதிரி வரிசையாக வைத்திருக்கிறேன். அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஐந்து முறை எழுதி அடித்துவிட்டேன்.

ஹாலில் விளக்குப் போடுகிறார்கள். அத்தை இல்லை, அத்தை நடந்தால் சுவரைப் பிடிக்கும் சத்தம் கேட்கும். அம்மாதான். கிண்ணம் நகர்கிறது. காலடி என் அறைப் பக்கம் திரும்புகிறது.

“அமுதா. கதவைத் திற.”

தட்டுகிறார். நோட்டை இந்தத் தடவை ஒளிக்கப் போவதில்லை, மேசையிலேயே மாத்திரைகளுக்குப் பக்கத்தில் திறந்து வைக்கிறேன்.