கடிகாரத்திலிருந்து உருவிய பேட்டரி

மார்ச் 4, செவ்வாய், காலை 11.40

அக்கா,

முப்பத்தாறு மாணவர்கள், ஒரு மேற்பார்வையாளர், ஒரு பெயில். நீதான் போனை எடுப்பதில்லையே, அதனால் எழுதுகிறேன். ஆசிரியர் அறையில் ஆடுகிற ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று என் ஆசிரியர் பயிற்சியின் தேர்வுப் பாடம். ஒன்பதாம் வகுப்பு, மின்தடை. நாற்பது நிமிடத்துக்கானதை இருபத்திரண்டில் முடித்துவிட்டேன். ஒரு பிழை கிடையாது. என் பழைய தொழிற்சாலையில் என்றால் கைகுலுக்கியிருப்பார்கள். இங்கே அதுதான் குற்றமாம். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அலகுதானே? ஓம்" என்றேன். "இல்ல சார், வெளிய போகணும்" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

மேற்பார்வைக்கு வந்த பயிற்சிக் கல்லூரி மேடம் கடைசிப் பெஞ்சில் இருந்தார். வெளியே வந்ததும், "கேள்வியும் உங்களுது, பதிலும் உங்களுது. அப்புறம் அவங்க எதுக்குத் தம்பி வந்தாங்க?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்துவிட்டார்.

பதினெட்டாம் தேதி இன்னொரு வாய்ப்பு. அதுவும் போனால் இந்த வருடப் பயிற்சி மொத்தமும் போச்சு. தொழிற்சாலைக்கே திரும்பிப் போய் அதே மேனேஜர் முன்னால் நிற்க வேண்டியதுதான். அவர் முகத்தை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவிடம் சொல்லாதே.

தம்பி


மார்ச் 9

என் அருமை முந்திரிக்கொட்டைக்கு,

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீ போனில் "நல்லா போச்சும்மா" என்று மூன்று தடவை சொன்னாயாம். "புட்டுக்கிச்சுடி" என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

வெளியே போகணும் என்ற பெண்ணை நினைத்து அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன். காப்பீட்டு அலுவலகத்தில் யாரும் தனியாகச் சிரிப்பதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். போன மாதம், "நீ வேலையை விட்டதுல எனக்கு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் நீ, "அவமானமா இருக்கு, அதானே? பதினோரு வருஷமா ஒரே நாற்காலியில உக்காந்திருக்கிற உனக்கு என்ன தெரியும்?" என்றாய். நான் வைத்துவிட்டேன்.

நான் சொல்ல வந்தது அது இல்லை, தம்பி. கேட்டால் சொல்வேன். நீயே ஊகித்து எழுதினாயானால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

இன்னும் சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறாயா? பதினெட்டாம் தேதி மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போயேன். கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நீ யாரையும் ஒன்றும் செய்யவிட மாட்டாய். என் சைக்கிளைப் "பார்க்கிறேன்" என்று நீ பிரித்துப் போட்டதை நான் மறக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 18, மாலை

அக்கா,

பாஸ்.

இனி விவரம். டெஸ்டரை வைத்துவிட்டுத்தான் போனேன். இன்று மின்சுற்று. ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரு சுவிட்ச். நேற்று மாலை வகுப்பிலேயே ஒத்திகை பார்த்து, மேஜையில் அப்படியே தயாராக வைத்துவிட்டு வந்திருந்தேன். இன்று சுவிட்சை எப்படித் தட்டினாலும் பல்பு எரியவில்லை.

மேடம் பேனாவைத் திறந்தார். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பை காலி. உன்னை மனதுக்குள் திட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஏன் எரியல?" என்று கேட்டுவிட்டு நின்றேன்.

யாரும் பேசவில்லை. நாக்கு அரித்தது. அதைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

"பல்பு போயிருக்கும்" என்றான் ஒருவன். மாற்றினார்கள். இல்லை. "ஒயர் லூசுடா." முறுக்கினார்கள். அதுவும் இல்லை. அப்புறம் அந்தப் பெண், அதே மூன்றாம் வரிசை, எழுந்தாள்.

"சார், நேத்து போகும்போது சுவிட்சை அணைச்சீங்களா?"

ஏழு வருடம் மின் பராமரிப்பில் இருந்தவன் நான். "இல்ல" என்றேன். இரவெல்லாம் எரிந்து பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. சிரிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், நிற்கவே இல்லை. அவள் பெஞ்சின் மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அதன் பேட்டரியை உருவிக்கொண்டு வந்து போட்டாள். பல்பு எரிந்தது. மின்சாரத்தையே தாங்கள் கண்டுபிடித்தது போலக் கத்தினார்கள். நானும் கத்தினேன் என்று மேடம் சொல்கிறார்.

கடிகாரம் நின்றதால் நேரம் தெரியவில்லை. மணி அடித்தபோது பாதிப் பாடம் பாக்கி. முதல் தடவையாக எனக்கு நேரம் போதவில்லை. மேடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "உங்க வாய் இன்னைக்கு லீவா?" என்றார். வெளியே வந்து பள்ளிக் குழாயில் முகம் கழுவினேன்.

இப்போது கேட்கிறேன். நான் வேலையை விட்டதில் உனக்கு என்ன?

என்னிடம் நான்கு ஊகங்கள் இருக்கின்றன. ஒன்றையும் எழுதவில்லை.

தம்பி


மார்ச் 22

தம்பி,

பொறாமை.

அதுதான் அந்த வாக்கியத்தின் மீதி. தாவரவியல் படித்துவிட்டுப் பதினோரு வருடமாக மற்றவர்களின் விபத்துகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். நீ பட்டென்று எழுந்து போனபோது எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்லிவிட்டு, "நானும் வரட்டுமா?" என்று கேட்கத்தான் அன்று வாயைத் திறந்தேன்.

உன் கல்லூரிக்கே அடுத்த ஆண்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு. நீ பெயில் என்று எழுதியபோது உனக்காக மட்டும் நான் பயப்படவில்லை. பாஸ் என்றதும் விட்ட பெருமூச்சில் பக்கத்து மேஜைக் காகிதமெல்லாம் பறந்தது.

அறிவியல் ஆசிரியை என்றால் இயற்பியலும் நடத்த வேண்டும்; அது இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. என்னால் முடியுமா, தம்பி? யோசித்துச் சொல்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். நிறுத்தினேன். ஒரு நாள் முழுக்க யோசித்தேன், நீயே நம்பமாட்டாய். முடியும்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக்கு அந்த வகுப்புக் கடிகாரத்துக்குப் புதுப் பேட்டரி போடுவேன்.
2. ஞாயிறு காலை உனக்குப் போன் செய்வேன். எடு.
3. "சொல்லுக்கா" என்பேன்.
4. பிறகு நீ முடிக்கும்வரை, நடுவில் எவ்வளவு நேரம் நீ சும்மா இருந்தாலும், வாயைத் திறக்கமாட்டேன்.