செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பரிசோதனையின்போது கணவன்மாரையும் உள்ளே அனுமதிக்க வேண்டி

அனுப்புநர்
ஆ. கெங்கம்மாள், பி.ஏ.,
அமைப்பாளர், மாதர் சங்கம்,
நடுத்திட்டுக்குப்பம், பழவேற்காடு வழி,
பொன்னேரி தாலுகா.

பெறுநர்
மாவட்ட சுகாதார அதிகாரி அவர்கள்,
செங்கற்பட்டு மாவட்டம்.

பொருள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்களைத் தடுக்கும் பலகையை நீக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது புகார் மனுவானாலும் இதில் பாதிக்கு மேல் நன்றிதான். எங்கள் சுகாதார நிலையத்தில் செவ்வாய்தோறும் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கிறார்கள். மனைவியைப் படகில் அழைத்து வந்துவிட்டு மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்த கணவன்மாரைச் சென்ற ஆண்டு புதிதாக வந்த நர்சம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். முகம் வீங்கினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ ஒரு நாழிகையும் தாமதிக்கக் கூடாது என்பதை அவர்களிடமே சொன்னார்.

2. இங்குள்ள பெண்கள் அங்கே கேட்டதை வீட்டில் சொல்லக் கூசுவார்கள். சொன்னாலும் படகு கணவன் கையில். எந்த மீன் வீட்டுக்கு, எது வியாபாரிக்கு என்பதும் அவன் கையில். நல்ல மீனெல்லாம் ஐஸ் பெட்டிக்குப் போய்விடும், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கருவாடுதான். உப்பைக் குறைக்க வேண்டும் என்று ஆண்கள் தம் காதால் கேட்ட பிறகு, கிழங்கான், மடவை போன்ற நல்ல மீன்கள் முதலில் அடுப்பங்கரைக்கு வருகின்றன.

3. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதை இங்கே முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். பாட்டைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் மனைவி கர்ப்பமாயிருப்பவர் செவ்வாய்ப் பாட்டை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம் என்று குப்பத்தார் தாமாகவே முடிவு செய்தார்கள். கேலிக்கும் குறைவில்லை. வரதன் என்பவரைக் கண்டால் "மருத்துவச்சி வர்றாருப்பா, வழி வுடுங்க" என்பார்கள். அவரும் விடமாட்டார்: "சிரிடா, சிரி. உம் பொண்டாட்டி முழுவாம இருக்கச்சொல்ல எங்கிட்டதான் வந்து கேக்கப்போற."

4. அந்த வரதனின் மனைவி எல்லம்மா, மாசியில் ஒரு நாள் காலை கண் இருட்டுவதாகச் சொன்னாள். வெயில் என்றார் மாமியார். வரதன் வலையைக் கரையில் போட்டுவிட்டு அவளைப் படகில் ஏற்றினார். இன்று தாயும் மகனும் சுகம்.

5. சென்ற மாதம் ஒருவர் குடித்துவிட்டு வந்து நர்சம்மாவிடம் கூச்சலிட்டார். அதன்பின் நிலையத்து டாக்டர் வாயிலில் 'ஆண்கள் உள்ளே வரக்கூடாது' என்று பலகை மாட்டச் செய்துள்ளார். அவர் கோபம் நியாயமே. அந்த நபரைக் குப்பத்தாரும் கண்டித்துவிட்டனர். ஆனால் மற்றவர்களும் இப்போது வெயிலில் நிற்கிறார்கள். கலியன் என்பவர் என்னிடம், "வெளியில நின்னுக்கினு இன்னாத்தம்மா தெரிஞ்சிக்கறது, பாட்டையும் வுட்டுட்டு?" என்று கேட்டார். அவர் மனைவி பூவம்மாளுக்கு இது எட்டாம் மாதம். காலில் வீக்கம் இருக்கிறது. வாரம் தவறாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

6. எனக்கு மூன்று பிரசவம். என் கணவர் ஒருமுறைகூட ஆஸ்பத்திரிப் படியேறியதில்லை. அன்பில்லாதவர் அல்லர், அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, நான் உட்பட. இந்தக் குப்பத்து ஆண்கள் கூப்பிட்டதும் வந்தார்கள். அதைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சியே இம்மனுவை எழுதவைக்கிறது.

7. பரிசோதனை அறைக்குள் அவர்கள் வர வேண்டியதில்லை. வராந்தாவில் ஓர் ஓரம் போதும். பழைய படகுப் பலகையில் அவர்களே ஒரு பெஞ்சு செய்து வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு யாரும் வராமலிருக்க எங்கள் சங்கம் பொறுப்பேற்கும்.

கலியனுடைய பாடு வருகிற 21ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. அதற்குள் தங்கள் உத்தரவு கிடைத்தால் அவர் பாட்டை மாற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், பூவம்மாளும் படகேறுவாள். தாங்கள் மனம் வைத்து ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: நடுத்திட்டுக்குப்பம்
நாள்: 4-8-1973

தங்கள் உண்மையுள்ள,
ஆ. கெங்கம்மாள்